சி டிரைவில் ஒரு கேள்விக்குறி

போன வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை என் மனைவி சுமதிக்கு ஒரு போன் வந்தது. காட்டுப்பாக்கத்தில் ஒரு தனியார் பள்ளி. பதினொன்றாம் வகுப்புக்குக் கம்ப்யூட்டர் டீச்சர் வேண்டுமாம். அடுத்த புதன்கிழமை காலை பத்து மணிக்கு டெமோ கிளாஸ். மாணவர்கள் முன்னால் ஒரு சி ப்ளஸ் ப்ளஸ் புரோகிராமை எழுதி, ஓடவைத்துக் காட்ட வேண்டும். லேபில் இருப்பவை பழைய மெஷின்கள், இன்டர்நெட் கிடையாது, கம்பைலரையும் நீங்களே பென் டிரைவில் கொண்டுவந்து போட்டுக்கொள்ளுங்கள் என்றார்களாம்.

கம்பைலர் என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு, எனக்குச் சுமதி சொன்னதையே சொல்கிறேன். நாம் எழுதுகிற புரோகிராமைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற பாஷையில் மாற்றித் தருகிற மென்பொருள். அது இல்லையென்றால் எவ்வளவு பிரமாதமாக எழுதினாலும் ஒன்றும் ஓடாது. அவ்வளவுதான்.

போனை வைத்துவிட்டுச் சுமதி காலண்டரில் புதன்கிழமையை வட்டமிட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் ஆவடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சி, சி ப்ளஸ் ப்ளஸ் எல்லாம் நடத்தியவள். அப்புறம் மகள், மாமியாரின் உடம்பு, வீடு... பதினான்கு வருடம் போய்விட்டது. கடந்த ஒரு வருடத்தில் இரண்டு பள்ளிகளுக்கு இன்டர்வியூ போனாள். இரண்டு இடத்திலும் ஒரே கேள்விதான். “இத்தனை வருஷம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? சமைத்தேன் என்றா? இரண்டு முறையும் அவள் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டாள்.

“இந்தத் தடவையும் இல்லன்னா நான் இனிமே எங்கயும் போய்க் கேக்க மாட்டேங்க” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. ரேஷன் கடை இன்று லீவு என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். கவலைப்படுவது எனக்குக் கைவந்த கலை. பட்டாபிராமிலிருந்து சென்ட்ரலுக்கு ரயில் ஏறினால், வீட்டில் கேஸை மூடினோமா என்று வில்லிவாக்கம் வரை யோசிப்பவன். இதில் புதன்கிழமைக்கு நடுவில் ஐந்தே நாள்தான் இருக்கிறது, மனைவியின் கடைசி முயற்சி இது, கையில் இருப்பதோ ஒன்பது வருடத்துப் பழைய கம்ப்யூட்டர் என்றால்? அன்றிலிருந்து எனக்குத் தூக்கமும் இல்லை, சரியான சாப்பாடும் இல்லை.

கம்ப்யூட்டர் என்னுடையது. அதாவது, வாராவாரம் பத்திரிகைக்கு இந்தப் பத்தியை எழுதுவதற்காக நான் வாங்கியது. வீட்டில் அதில் உட்கார்ந்து எழுதுகிறவன் நான் ஒருவன்தான். சுமதி அதைத் துடைப்பாள். அன்று சாயங்காலம்தான் முதல் முறையாக நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் உட்கார்ந்தாள்.

முதலில் இறக்கிய கம்பைலர், இந்த மெஷினில் ஓடமாட்டேன் என்றது. எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் கார்த்திகேயன் என்று ஒருவர் இருக்கிறார், திருநெல்வேலிக்காரர், ஐ.டி. கம்பெனியில் வேலை. ஓடிப்போய் அவரை அழைத்துவந்தேன். அவர் எங்கள் சிபியூவைப் பார்த்த பார்வையில் மரியாதை கலந்த திகைப்பு இருந்தது. தன் வேலை எல்லாம் கம்பெனி கொடுத்த லேப்டாப்பில், இதெல்லாம் கல்லூரியில் முதல் வருடம் பார்த்தது என்றார். ஆன்லைனிலேயே புரோகிராம் ஓட்டலாமே என்று யோசனை சொன்னார். லேபில் நெட் கிடையாதே என்றாள் சுமதி. அப்படியென்றால் கஷ்டம்தான் என்றவர், நல்ல மனுஷர், ஒரு மணி நேரம் தேடி இந்தப் பழைய மெஷினுக்கு ஏற்ற பழைய கம்பைலர் ஒன்றை இறக்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

இன்ஸ்டால் ஆனது. சுமதி இரண்டு எண்களைக் கூட்டுகிற குட்டி புரோகிராம் ஒன்றை எழுதினாள். திரையில் கட்டளை அடிக்கிற கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து என்னவோ தட்டினாள்.

நான்கு வரி ஆங்கிலம் வந்தது. கடைசியில், ‘அப்படி ஒரு ஃபைலோ ஃபோல்டரோ இல்லை’ என்று இருந்தது.

இல்லையா? ஃபோல்டரைத் திறந்து பார்த்தோம், புரோகிராம் இருந்தது. மறுபடி தட்டினாள். இல்லை என்றது. மறுபடி திறந்தோம். கண்ணெதிரே இருக்கிறது! இருப்பதை இல்லை என்று சாதிக்கிற ஆளிடம் எப்படிப் பேசுவது?

வெள்ளிக்கிழமை முழுக்க இதுதான் நடந்தது. அழித்துவிட்டுத் திரும்ப இன்ஸ்டால் செய்தாள். வேறு ஃபோல்டரில் போட்டாள். சி டிரைவில் நேரடியாக வைத்தாள். எங்கே வைத்தாலும் அதே நான்கு வரி. திரையை போட்டோ எடுத்துக் கார்த்திகேயனுக்கு அனுப்பினேன். ஆபீஸிலிருந்து பதில் போட்டார்: ‘நடுவுல ஒரு கேள்விக்குறி தெரியுதே சார், போட்டோ சரியா விழலையோ?’ நானும் கண்ணாடியை மாற்றிப் பார்த்தேன். ஃபோல்டர் இருக்கிற இடத்தைக் காட்டும் வரியில், சாய்வுக்கோடுகளுக்கு நடுவில், ஒரு கேள்விக்குறி தனியாக உட்கார்ந்திருந்தது. பழைய மானிட்டர், ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டோம்.

அன்று ராத்திரி நான் சொன்ன ஒரு வார்த்தைக்காக இன்றும் வெட்கப்படுகிறேன். “பேசாம டெமோவை ஒரு வாரம் தள்ளிக் கேளேன்” என்றேன். சுமதி திரும்பிப் பார்த்தாள். மறுபடி கீபோர்டில் தட்ட ஆரம்பித்தாள். தள்ளிக் கேட்டால் வேறு ஆளைக் கூப்பிடுவார்கள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். கவலை முற்றினால் புத்தி குறுக்குவழி தேடும்.

சனிக்கிழமை சுமதி ஒரு காரியம் செய்தாள். இந்த மாதிரிச் சிக்கல்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள இணையத்தில் மன்றங்கள் இருக்கின்றனவாம். அதில் ஒன்றில் தன் பெயரைப் பதிந்து, தன் ஆங்கிலத்தில், நான்கு வரியையும் எழுதிக் கேட்டுவிட்டாள். ஒருவர், இந்தக் காலத்தில் இப்படி ஒரு மெஷினா, புதிதாக வாங்குங்கள் என்று பதில் போட்டார். இன்னொருவர், இது ஏற்கெனவே கேட்கப்பட்ட கேள்வி, தேடிப் பாருங்கள் என்றார். மூன்றாவதாக ஒருவர், எந்த ஊரோ, எந்த நாடோ, பொறுமையாக ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்.

‘உங்கள் கம்ப்யூட்டரின் யூசர் நேம் என்ன? நீங்கள் டைப் செய்தபடி அப்படியே சொல்லுங்கள்.’

யூசர் நேம்! போனை எடுத்தால் எச்சரிக்கிறார்கள், பேங்கில் போர்டு வைத்திருக்கிறார்கள், யார் கேட்டாலும் சொல்லாதீர்கள் என்று. இன்று யூசர் நேம் கேட்பவன் நாளைக்கு பாஸ்வேர்டு கேட்பான், மறுநாள் ஓ.டி.பி. கேட்பான்... பதில் சொல்லிவிடலாம் என்றுதான் சுமதிக்குத் தோன்றியது. நான் விடவில்லை. பதில் போடக் கூடாது, அந்தப் பக்கத்தையே திறக்கக் கூடாது என்று உட்கார்ந்துவிட்டேன். மோடத்தின் பிளக்கைக்கூடப் பிடுங்கினேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அது பிடுங்கியபடியே இருந்தது.

சுமதி அன்றைக்கு வாஷிங் மெஷின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, நோட்டில் பேனாவால் புரோகிராம் எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள். ஓட்டிப் பார்க்க வழியில்லை. எழுதுவாள், தானே மனசுக்குள் ஓட்டுவாள், ஒரு டிக் போடுவாள். நான் பார்க்காத மாதிரி பேப்பர் படித்தேன்.

திங்கட்கிழமை காலை அவளே முடிவெடுத்தாள். இந்தக் கம்ப்யூட்டரை எங்களுக்குப் பொருத்திக் கொடுத்த சேகர், சென்னீர்குப்பத்தில் சர்வீஸ் ரோடு ஓரமாகக் கடை வைத்திருக்கிறார். என் வயசுக்காரர். அவரிடம் போவோம் என்றாள். நான் ஆபீஸுக்கு லீவு சொன்னேன். ஸ்கூட்டியை அவள் ஓட்டினாள். பின்னால் நான், மடியில் துண்டு சுற்றிய சிபியூ. ஆவடி, பூந்தமல்லி வரைக்கும் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் அதைக் குழந்தை மாதிரி தூக்கிப் பிடித்தேன். உள்ளே ஏதாவது கழன்றுவிட்டால் இருக்கிற கொஞ்ச நம்பிக்கையும் போச்சு.

சேகர் மெஷினைத் திறக்கவே இல்லை. வயரை மாட்டி, ஆன் செய்து, சுமதியை அந்தக் கறுப்பு ஜன்னலில் ஒருமுறை தட்டச் சொன்னார். நான்கு வரி வந்தது. லாரிகள் போகிற இரைச்சலில் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நான்கு வரியையும் படித்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“சார், யூசர் பேரு இன்னா வெச்சிகீறீங்கோ?”

அதே கேள்வி. சனிக்கிழமை எவனோ திருடன் கேட்டான் என்று நான் கதவைச் சாத்தினேனே, அதே கேள்வி! சுமதி என் பக்கம் திரும்பவே இல்லை. அந்த அளவில் அவள் பெருந்தன்மைக்காரி.

யூசர் பெயர் என்ன? ஒன்பது வருடமாகத் தினமும் பார்க்கிறோம், ஆனால் ஒரு பெயராக அதை நினைத்ததே இல்லை. கம்ப்யூட்டரை ஆன் செய்தால் முகப்பில் ஒற்றை எழுத்தாக நிற்கும்.

உ.

ஆமாம். பிள்ளையார் சுழி. கம்ப்யூட்டர் வாங்கிய அன்று, இதே கடையில், சேகர் எனக்குத் தமிழ் டைப்பிங் போட்டுக்கொடுத்துவிட்டு, புது யூசர் திறக்கிறேன், முதல்ல உங்க பேரை அடிங்க என்றார். புது நோட்டு வாங்கினால் என்ன செய்வோம்? கல்யாணப் பத்திரிகையில், மளிகை லிஸ்டில், பரீட்சைப் பேப்பரின் மூலையில், எங்கே நாம் அதைப் போடாமல் ஆரம்பித்திருக்கிறோம்? பெயர் அடிக்க வேண்டிய கட்டத்தில் நானும் பயபக்தியோடு ‘உ’ என்று அடித்து எண்டர் தட்டினேன். பக்கத்தில் சுமதி கன்னத்தில் போட்டுக்கொண்டதுகூட நினைவிருக்கிறது.

“நீங்கதான சார் அன்னிக்கு அட்ச்சீங்கோ. நானும் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன்” என்றார் சேகர். “இந்தக் கம்பைலர் பய்ய சரக்கு. அதுக்குத் தமிழ் தெர்யாது. ‘உ’னாவைப் பார்த்தா கொஸ்டின் மார்க் போட்டுக்கும். அப்றம் அந்தப் பேர்ல ஃபோல்டரைத் தேடும். எங்கேர்ந்து கெடைக்கும்?”

சுமதிக்கு அங்கேயே எல்லாம் விளங்கிவிட்டது. கம்பைலர் வேலை செய்யும்போது நடுவில் சில தற்காலிக ஃபைல்களை எழுதி வைத்துக்கொள்ளுமாம். அதை யூசர் பெயரில் இருக்கிற ஃபோல்டருக்குள்தான் வைக்குமாம். கம்பைலரை எங்கே தூக்கிப் போட்டாலும் கடைசியில் அது என் ‘உ’வின் வாசலில்தான் போய் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அந்தக் கேள்விக்குறி மானிட்டர் கோளாறு இல்லை, போட்டோ கோளாறும் இல்லை. அது நான்தான்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். ஒன்பது வருடம் கழித்துக்கூட முடியுமா?

என் முகம் போன போக்கைப் பார்த்து சேகருக்கே பாவமாகிவிட்டது. “வுடுங்க சார், நெறைய ஊட்டுல இப்டித்தான் கீது. ஒருத்தரு ஓம்னு வெச்சிகீறாரு. இத்த அழிக்க வாணாம், மனசுக்குக் கஷ்டமா இருக்கும். பக்கத்துல இங்கிலீஸ்ல இன்னொரு யூசர் போட்டுக்கோங்கோ” என்றார்.

போட்டோம். பெயர் கேட்டது. சுமதி சின்ன எழுத்தில் sumathi என்று அடித்தாள். மெஷின் பழசு, புது யூசரைத் தயார் செய்ய நாலைந்து நிமிடம் எடுத்துக்கொண்டது. பிறகு கம்பைலர், புரோகிராம், கறுப்பு ஜன்னல்... பன்னிரண்டும் முப்பதும் நாற்பத்திரண்டு என்று வந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. சுமதி அதை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாள்.

இத்தோடு என் கவலை தீர்ந்திருக்க வேண்டும் இல்லையா? செவ்வாய்க்கிழமை முழுக்க, பென் டிரைவ் வேலை செய்யாமல் போனால் என்ன செய்வது என்று கவலைப்பட்டேன். அதனால் மூன்று பென் டிரைவ்களில் கம்பைலரை ஏற்றிவைத்தேன்.

புதன்கிழமை. பள்ளிக்கு எதிரே ஒரு டீக்கடையில் நான் உட்கார்ந்துவிட்டேன். பத்து மணி. பத்தேகால். பத்தே முக்கால். அரை மணி நேரம்தான் டெமோ என்று சொல்லியிருந்தார்களே? பதினொன்றுக்கு மூன்றாவது டீ குடித்தேன். வெளியே அனுப்பிவிட்டார்களா? அனுப்பியிருந்தால் வந்திருப்பாளே? அழுதுகொண்டு உள்ளேயே எங்காவது நிற்கிறாளா? அவள் பொது இடத்தில் அழுகிற ரகம் இல்லை. ஆனால் எனக்கு அப்போது எதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை.

பதினொன்றே காலுக்கு வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் சொன்னாள்.

லேபில் இருபது மெஷின்கள். ஆனால் புரொஜெக்டர் மாட்டியிருப்பது முதல் மெஷினில் மட்டும்தான். அதில்தான் டெமோ. மெஷினைக் காட்டும்போதே, லேபைப் பார்த்துக்கொள்கிற அம்மா காதோரமாக எச்சரித்தாராம். மற்ற மெஷினில் எல்லாம் ஓடுவது இதில் மட்டும் ஓடாது, ராசியில்லாத மெஷின், இதற்கு முன்னால் டெமோ கொடுக்க வந்த இரண்டு பேருக்கும் இதில் எரர்தான் வந்தது என்று. கடைசி பெஞ்சில் தாளாளர் உட்கார்ந்திருந்தாராம். வயதானவர், நெற்றி நிறைய விபூதி. பக்கத்தில் பிரின்சிபால்.

சுமதி கம்பைலரைப் போட்டாள். இரண்டு எண்களைக் கூட்டுகிற புரோகிராமை எழுதினாள். ஓட்டினாள்.

சுவர் அளவுக்குப் பெரிதாக அந்த நான்கு வரி வந்தது.

கேட்டுக்கொண்டிருந்த நான் பஸ்ஸில் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் அவளுக்குப் பயம் வரவில்லையாம். நான்காவது வரியின் நடுவில், சாய்வுக்கோடுகளுக்கு இடையில், அவளுக்கு நன்றாகத் தெரிந்த அந்தக் கேள்விக்குறி உட்கார்ந்திருந்தது. குனிந்து சிபியூவைப் பார்த்தாளாம். காய்ந்த சந்தனம், அதன் மேல் குங்குமம். லேப் திறப்பு விழாவில் பூஜை போட்டு, முதல் மெஷினில் யூசர் பெயர் கேட்ட கட்டத்தில் முதல் எழுத்தைத் தாளாளர் கையால் அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவர் என்ன எழுத்து அடித்திருப்பார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

என்னைப் போன்றவர்கள் காட்டுப்பாக்கத்திலும் இருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல். ஆனால் அதை அவரிடம் எப்படிச் சொல்வது? ஐயா, இந்தக் கோளாறுக்குக் காரணம் நீங்கள்தான் என்று, வேலை கேட்டு வந்த இடத்தில், நாற்பது பிள்ளைகள் முன்னால்?

சுமதி சொன்னது இதுதான்: “ஐயா, பிள்ளையார் சுழி போட்டு ஆரம்பிச்சிருக்கீங்க. அவரை நகர்த்த வேண்டாம். பக்கத்துல பிள்ளைங்களுக்குன்னு ஒரு இடம் போட்டுக்கறேன்.”

தாளாளர் தலையசைத்தாராம். புது யூசருக்குப் பெயர் என்ன வைக்கலாம் என்று பிள்ளைகளைக் கேட்டிருக்கிறாள். ஒரு மாணவி சொன்ன பெயரையே ஆங்கிலத்தில் அடித்தாள். பழைய மெஷின், தயாராக நாலைந்து நிமிடம் ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். அதுவரை சும்மா நிற்கவில்லை. சாக்பீஸை எடுத்து, எரர் வந்த அந்த வரியைப் போர்டில் அப்படியே எழுதியிருக்கிறாள். கேள்விக்குறியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாளாம்.

“இது கம்பைலருக்குத் தெரியாத எழுத்து. தெரியலன்னு சொல்றதுக்குப் பதிலா ஒரு குறியைப் போட்டுட்டுப் போயிடுது. எரர் வந்தா பயந்துடாதீங்க. மூடிடாதீங்க. கடைசி எழுத்து வரைக்கும் படிங்க, பதில் அதுக்குள்ளதான் இருக்கும்.”

அந்த நாலு நிமிடம் நாற்பது நிமிடமாக நீண்டுவிட்டதாம். பிள்ளைகள் விடவில்லை. பெயரில் இடைவெளி விட்டால் என்ன ஆகும், நம்பர் போட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொருவராகக் கேட்டிருக்கிறார்கள். புரோகிராம் எப்போதோ ஓடி, பன்னிரண்டும் முப்பதும் நாற்பத்திரண்டு என்று சுவரில் தன்பாட்டுக்கு நின்றுகொண்டிருந்ததாம்.

முடிந்ததும் தாளாளர் கிட்டே வந்து, மூன்று வருடமாக இந்த மெஷினை யாராலும் சரி செய்ய முடியவில்லை, இதை எங்கேம்மா கத்துக்கிட்டீங்க என்று கேட்டாராம்.

“வீட்லதாங்க.”

இதைச் சொல்லும்போது அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பூந்தமல்லி வந்து இறங்கும்போதுதான், வேலை என்ன ஆச்சு என்று கேட்க மறந்தது ஞாபகம் வந்தது. திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லியிருக்கிறார்களாம்.

அன்று சாயங்காலமே அந்த மன்றத்துக்குப் போய், மூன்றாவதாகக் கேள்வி கேட்டவருக்கு நன்றி எழுதினோம். எந்த ஊர் என்று தெரியாத அந்த மனிதரைத் திருடன் என்று நினைத்ததற்கு மனசுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

பிறகு சுமதி திங்கட்கிழமைப் பாடத்துக்கு ஒரு புரோகிராம் எழுத உட்கார்ந்தாள். பின்னால் நின்று பார்த்தேன். முதல் வரியில் இரண்டு சாய்வுக்கோடு போட்டாள். அதற்குப் பக்கத்தில் ‘உ’ என்று அடித்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மறுபடியுமா என்றேன்.

“ரெண்டு கோடு போட்டுட்டா அந்த வரியைக் கம்பைலர் படிக்காதுங்க” என்றாள்.

சரிதான். படிக்க வேண்டியவர் படித்துக்கொள்வார்.